அடைப்பு விழுந்த அறை

திருச்சுழி ரோட்டில் கருவேலங்காட்டை வெட்டி, ஒரு தொண்டு நிறுவனத்தார் வரிசையாக அறைகள் கட்டினார்கள். அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டிலேயே வருஷக்கணக்காகக் கிடந்தவர்களுக்கு. தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ஊர் ஊராக லோடு இறக்கித் திரிந்த எனக்கும், கால் முறிந்த பிறகு ஓர் அறை கிடைத்தது. சாகும்வரை இருக்கலாம் என்றார்கள். வாரம் ஒருமுறை நிறுவனத்து அக்கா ஒருவர் வந்து மாத்திரை கொடுப்பார். எங்கள் ரேஷன் கார்டுக்கு அலைவார்.

பக்கத்து அறைக்காரர் இறந்தார். நாள் பார்த்தவர், நட்சத்திரம் சரியில்லை, ஆறு மாதம் அடைப்பு என்றார். அதுவரை அறையைப் பூட்டிவைக்க வேண்டும். மீறிப் புழங்கினால் இறந்தவர் இன்னோர் உயிரைக் கூப்பிட்டுக்கொள்வார் என்பது பயம். எல்லோரும் சேர்ந்து பூட்டினோம்.

அந்த அறைக்கென்று அக்கா ஒரு பெண்ணை அழைத்து வந்தார். பஸ் ஸ்டாண்டில் பூக்கடை ஓரம் படுப்பவர். மழைக்காலம், காய்ச்சல் உடம்பு.

“அடைப்பு வீட்டுல ஆளு வைக்கப்பிடாது தாயி,” என்றார் மூலை அறைப் பெரியவர்.

“பஸ் ஸ்டாண்டுல எத்தன பேரு செத்தாக? அத எவன் அடைச்சான்?” என்று அந்தப் பெண் சிரித்தார்.

“அது பொது எடம். இது வீடுல்ல.”

பெரியவர் குரலில் பெருமை இருந்தது. எங்களில் பலருக்கு அதுவரை அடைக்க ஒரு கதவு இருந்ததில்லை.

சிரித்தாரே தவிர அந்தப் பெண் உள்ளே போகவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு திரும்பினார். என் அறைச் சாவியை அவரிடம் நீட்டிவிட்டு, பூட்டிய அறைக்கு நான் மாறினேன்.

“ஏலே, சாகணும்னு வேண்டுதலா?” என்றார் பெரியவர்.

“நீங்க முந்தாம இருந்தாச் சரி.”

சில நாள் கழித்து அந்தப் பெண் கேட்டார்: “அண்ணே, விடியக்கருக்கல்ல ஒங்க ரூம்புல ரெண்டு ஆம்பளைக பேசுற சத்தம் கேக்குது. ஆரு வந்தது?”

யாரும் வரவில்லை. நான் தூங்கிக்கொண்டிருந்தேன். அவருடைய பை கட்டிய முடிச்சோடு கதவருகே இருந்தது. உண்மையைச் சொன்னால் அன்றைக்கே பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விடுவார்.

“நாந்தான். கேள்வியும் பதிலுமாத் தனியாப் பேசுற புத்தி.”

“நல்ல ஆளு போங்க. பயந்தே போனேன்.”

மறுநாளிலிருந்து கருக்கலில் எழுந்து உட்கார்ந்து பேசினேன். பந்தல்குடி லாரிகள், நரிக்குடிக் கண்மாய், வாய்க்கு வந்ததெல்லாம். சுவருக்கு அப்பாலிருந்து அவர் ‘ம்’ கொட்டுவார்.

ஒருமுறை அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல் கூடி, அக்கா ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார். பழக்கத்தில் நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தேன். ‘ம்’ என்றது. ஆண்குரல், அறைக்குள்ளேயே. ஓடத் தோன்றியது. நான் ஓடினால் அந்தப் பெண் இங்கே திரும்ப மாட்டார். சொல்ல வந்ததைச் சொல்லி முடித்தேன்.

அவர் குணமாகி வந்து, பையைப் பிரித்துத் துணிகளைக் கொடியில் போட்டார்.