சிவப்புக் கோட்டைத் தாண்டிய மழை

இலங்கையில் நிவித்திகலப் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டம். தினமும் காலை ஆறு மணிக்கு மழைமானியைப் பார்த்துக் குறித்துவைப்பேன். யாரும் கொடுத்த வேலையல்ல. தொழிலாளர் வரிசை வீடுகளான கீழ் லயத்துக்கு மேலே மலையில் வெடிப்பு கண்டபோது, எவ்வளவு மழை பெய்தால் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும் என்று அதிகாரிகள் ஓர் அளவு சொல்லிப் போனார்கள். அதை எல்லோருக்கும் புரியும்படி நான் வரைந்தேன்.

தகவலைப் படமாக்குவது பற்றி நிறையப் படித்திருக்கிறேன். நாளுக்கு ஒரு தூண், அபாய அளவில் சிவப்புக் கோடு, அலங்காரம் எதுவும் இல்லை. யாருக்கான எச்சரிக்கை என்பது தெரிய வேண்டுமே என்று ‘கீழ் லயம்’ என்பதைப் பெரிதாகவும், ‘மழை’ என்பதைச் சிறிதாகவும் எழுதினேன். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில், கொழுந்து நிறுவைப் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினேன்.

ஒரு வியாழக்கிழமை தூண் சிவப்புக் கோட்டைத் தாண்டியது. வரைந்துவிட்டுத் திரும்பினால் பெண்கள் கைதட்டுகிறார்கள்.

“ஒருவழியா தாண்டிட்டோம்ங்க!” என்றாள் கீழ் லயத்தில் கடைசிக் காம்பரா வீட்டுக்காரி.

கொழுந்துப் படத்தில் சிவப்புக் கோடு என்பது அன்று பறிக்க வேண்டிய கிலோ. என் மழையையும் தங்கள் கொழுந்தென்றே வாசித்து, ஒரு வாரமாகக் கோட்டை எட்டாததற்கு வெட்கப்பட்டிருக்கிறார்கள்.

“அது மழை தங்கச்சி. மலை சரியும். உடனே கிளம்புங்க.”

“மழைக்கு எதுக்குண்ணே கோடு? அது என்ன, கிலோ கணக்குலயா பேயுது?”

களமே சிரித்தது. கங்காணியும் சிரித்தார்.

தாளைத் திருப்பிப் போட்டுக் கரித்துண்டால் லயத்துக் கூரையை வரைந்தேன். தூணை வானத்திலிருந்து கீழ்நோக்கி இறக்கிக் கூரையில் இடித்து நிறுத்தினேன். சிரிப்பு நின்றது.

“இது யாரு கூரை?” என்றாள் கடைசிக் காம்பராக்காரி.

“உன்னுதுதான்.”

“என் தகரத்துமேல காத்துக்கு வச்ச கல்லு இருக்குமே?”

மூன்று கல் வரைந்தேன்.

“நாலு.”

நான்காவதையும் வரைந்தேன்.

“சரி, இப்ப என் வீடுதான். ஏ புள்ளைகளா, ஓடுங்க!”

பத்து மணிக்குள் கீழ் லயம் முழுவதும் பள்ளிக்கூட மண்டபத்துக்கு வந்துவிட்டது. மாலை நாலு இருபதுக்கு மண் இறங்கிக் கடைசிக் காம்பராவின் கூரையைத் தள்ளிக்கொண்டு போனது. உள்ளே யாரும் இல்லை.

மறுநாள் காலை மண்டபச் சுவரில் அதே படத்தை ஒட்டிக்கொண்டிருந்தேன். அவள் பிளேன்டீயோடு வந்து நின்று பார்த்தாள்.

“அண்ணே, அந்த நாலு கல்ல அழிச்சிருங்க. அதுதான் மண்ணோட போயிருச்சே. படம் சரியா இருக்கணும்ல.”

அழித்தேன்.