குழைந்த சோறும் என் மகனும்

அம்மா மண்டபம் போகும் வழியில் ஜெயந்தி புதிதாக ஜப்பான் சோறு சாண்ட்விச் விற்கிறாள். நடுவில் உருளைக்கிழங்கு மசாலா வைத்து, சோற்றைச் சதுரமாக அழுத்தி, கறுப்பாக இருக்கும் கடல்பாசித் தாளில் சுற்றித் தருவாள். நாற்பது ரூபாய்தான், வயிறு நிறைந்துவிடும்.

இன்று என் மகனை அழைத்துப் போனேன். ஒரு வாய் கடித்தவன் நாலு பேர் முன்னால் சத்தம் போட்டான்.

"என்னங்க இது, சோறு குழைஞ்சு போயிருக்கு? வடிக்கவே தெரியாமயா கடை போட்டீங்க?"

வாங்க நின்ற இரண்டு பேர் நகர்ந்துவிட்டார்கள். ஜெயந்திக்கு முகம் சுருங்கிப் போனது. "நாளைலேர்ந்து உதிரியா வடிக்கிறேன் சார்" என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உதிரியா வடிச்சா கையில எடுத்ததும் கொட்டிடும்டா. ஒட்டணும்னுதான் குழைய விட்டிருக்கா."

"அஞ்சாங்கிளாஸ் படிச்ச உனக்கு ஜப்பானைப் பத்தி என்னம்மா தெரியும்?"

"ஜப்பான் தெரியாது. சோறு தெரியும்."

ஜெயந்தியிடம், "நீ குழையவே வேக வைம்மா" என்று சொல்லி, இன்னும் இரண்டு வாங்கிவந்தேன். நானும் மருமகளும் சாப்பிட்டாயிற்று.

ஐம்பது வயது வரை ஒரு பிடி அரிசி களைந்தறியாதவன், இப்போது அடுப்படியில் தனக்கு உதிரியாக வடித்துக்கொண்டிருக்கிறான். அடிப்பிடித்த வாசனை வருகிறது. எழுந்து போகட்டுமா, இப்படியே உட்கார்ந்திருக்கட்டுமா? நீங்களே சொல்லுங்கள்.