சனத்தைவிட மாடு கூடின ஊர்

எங்கள் மாமா அமெரிக்காவில் இருந்தார். பாரிஸில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலில் எங்களைத் தெரிந்த எல்லோருக்கும் இது தெரியும். தெரியாதவர்களுக்கு அம்மா தெரியப்படுத்தினார். "என்ரை தம்பி அமெரிக்காவிலை பிஸ்னஸ்" என்று அவர் சொல்லும்போது, கேட்பவர்களின் கண்ணில் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்புவதை நானே பார்த்திருக்கிறேன். எந்த இடம் என்று யாராவது துருவிக் கேட்டால், "நியூயோர்க்கிலை இறங்கித்தான் போறது" என்பார். அதில் பொய் எதுவும் இல்லை. இறங்கிய பிறகு இன்னும் எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதை மட்டும் அவர் சொல்வதில்லை.

அப்பா அங்கே ரூ லூயி-பிளாங் என்ற தெருவில் ஒரு விமான டிக்கெட் கடையில் வேலை செய்தார். உலகம் முழுவதையும் விமான நிலையங்களாக அறிந்தவர். விமான நிலையம் இல்லாத ஊரை அவர் ஊராகவே மதிப்பதில்லை. அதனால் மாமா இருந்த இடத்தைப் பற்றி அவரும் அதிகம் பேசுவதில்லை.

எனக்குப் பத்து வயதானபோது, உறவினர் வாழும் தூர இடம் ஒன்றைப் பற்றி எக்ஸ்போசே, அதாவது வகுப்பின் முன்னால் நின்று பேசும் பேச்சு, செய்யும்படி பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். நிலம், பொருளாதாரம், மக்கள் தொகை என்று மூன்று பகுதி இருக்க வேண்டும். வகுப்பில் பாதிப் பேர் யாழ்ப்பாணத்தைப் பற்றிச் செய்யப் போவதாகச் சொன்னதால் நான் அமெரிக்கா என்று கையை உயர்த்தினேன். அன்று மாலையே அம்மாவின் போனில் மாமாவைக் கேட்டேன்.

மாமா ஆசையோடு உதவினார். நெப்ரஸ்கா மாநிலத்தில், நம்முடைய மாவட்டம் மாதிரியான ஒரு கவுண்டியில், அவர் பெற்றோல் ஸ்ரேஷன் நடத்திக்கொண்டிருந்தார். பெற்றோலோடு பால், பாண், மீன்பிடிக்கிறவர்களுக்குப் புழு எல்லாம் விற்றார். வாடிக்கையாளர் இல்லாத நேரங்களில், அதாவது பெரும்பாலான நேரங்களில், எனக்குக் குரல் பதிவும் வீடியோவும் அனுப்பினார். நான் எல்லாவற்றையும் பிரெஞ்சில் எழுதிப் பாடமாக்கி வகுப்பில் ஒப்புவித்தேன். ஆசிரியை பாராட்டினார். வானளாவிய கட்டடம் ஒன்றுகூடக் காட்டவில்லை என்று என் தோழிகள் குறைப்பட்டார்கள்.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாரிஸுக்கு வெளியே செவ்ரானிலிருந்து ஒரு குடும்பம் எங்கள் வீட்டுக்கு வந்தது. மாமாவுக்குப் பேசிக்கொண்டிருந்த பெண்ணும் அவருடைய தாய் தகப்பனும். மாமாவுக்கு ஏற்கெனவே சில சம்பந்தங்கள் தட்டிப் போயிருந்ததால், அம்மா முதல்நாளே வடைக்கு உழுந்து ஊறப்போட்டு, எனக்குச் சட்டையும் எடுத்து வைத்திருந்தார். பெண் சென் தெனியில் ஓர் ஆஸ்பத்திரியில் நேர்ஸ். எங்கள் சின்ன வரவேற்பறையில், ஜன்னலுக்கு வெளியே மெற்றோ பாலத்தில் போகிற ஒவ்வொரு ரயிலுக்கும் பேச்சை நிறுத்திக்கொண்டு, பெரியவர்கள் சுற்றி வளைத்துப் பேசினார்கள்.

பேச்சு ஓரிடத்தில் காய்ந்து போனது. அப்பா அதை ஈரமாக்க நினைத்தார்.

"எங்கடை மகள் அமெரிக்காவைப் பற்றி எக்ஸ்போசே செய்து நல்ல பேர் வாங்கினவள். சொல்லு பிள்ளை. தமிழிலை சொல்லு."

அவர் அதைக் கேட்டதில்லை. அமெரிக்கா என்றால் அமெரிக்காதானே என்று நினைத்திருப்பார்.

நான் எழுந்து நின்றேன். நிலம் என்று தொடங்கினேன். மேசை மாதிரித் தட்டையான நிலம், மலை இல்லை, கடல் இல்லை, ஆறு ஒன்று உண்டு, கோடையில் அதில் தண்ணீர் இல்லை என்றேன். ஊரிலேயே உயரமான கட்டடம் ஒரு கோபுரம் என்றேன்.

பெண்ணின் தாய் முகம் மலர்ந்தார். "கோயிலோ?"

"இல்லை. சோளம் கொட்டி வைக்கிறது."

பொருளாதாரத்துக்கு வந்தேன். சோளமும் மாடும். சோளத்தை மாடு தின்னும், மாட்டை லொறியில் ஏற்றி அனுப்புவார்கள். மாமாவின் கடையில் மீனுக்குப் புழுவும் விற்பார்கள். அம்மா என்னைப் பார்த்துக் கண்ணால் எதையோ சொன்னார். வேகமாகச் சொல்லச் சொல்கிறார் என்று நினைத்து நான் வேகமாகச் சொன்னேன்.

"பொப்புலாசியோன். சனத்தைவிட மாடு கூட. பெடியள் படிச்சு முடிய வேறை இடத்துக்குப் போயிடுவினம். அதாலை வயசு போன ஆக்கள்தான் கூட. பள்ளிக்கூடம் ஒண்டைப் பூட்டிப்போட்டினம். சினிமாவையும் பூட்டிப்போட்டினம்."

"வடை எடுங்கோ" என்றார் அம்மா, யாரையும் பார்க்காமல்.

பெண்ணின் தகப்பன் வடையை எடுக்கவில்லை. "நியூயோர்க் எண்டல்லோ சொன்னனீங்கள்?"

"நியூயோர்க்கிலை இறங்கித்தான் போறது எண்டு சொன்னனான்" என்றார் அம்மா.

அப்பா, அந்தப் பக்கத்துக்கும் ஒரு விமான நிலையம் வரலாம் என்கிற மாதிரி ஏதோ முணுமுணுத்தார். ஒரு மெற்றோ போனது. அது போன பிறகு பெண்ணின் தகப்பன் மணிக்கூட்டைப் பார்த்தார்.

அப்போது அந்த நேர்ஸ் அக்கா முதல் தடவையாக வாயைத் திறந்தார். பெரியவர்களிடம் அல்ல, என்னிடம்.

"அங்கை எங்கடை ஆக்கள் எத்தினை பேர் இருக்கினம்?"

"மாமா மட்டும்தான்" என்றேன்.

அம்மாவின் கை நெற்றிக்குப் போனது. அந்த அக்கா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, வீடியோ இருக்கிறதா என்று கேட்டார். நான் அம்மாவின் போனை எடுத்துக் காட்டினேன். ஒரு நேரான தெரு, இரண்டு பக்கமும் சோளம், மேலே ஏராளமான வானம். காற்றின் இரைச்சலுக்குள் மாமாவின் குரல்: "இதுதான் எங்கடை மெயின் ரோட், பிள்ளை." அக்கா அதை மீண்டும் போடச் சொல்லிப் பார்த்தார். மாட்டுக்காகப் பார்க்கிறார் என்று நினைத்து, மாடு வரும் வீடியோவையும் தேடிக் கொடுத்தேன்.

அவர்கள் போன பிறகு வீட்டில் நடந்ததை விரிவாகச் சொல்ல விரும்பவில்லை. "உன்னை ஆர் மாட்டுக் கணக்குச் சொல்லச் சொன்னது?" என்று அம்மா அழுதார். தன் தம்பி காலம் முழுக்கத் தனியாக இருக்கப் போகிறான் என்றார். சொல்லச் சொன்னது அப்பாதான் என்பதை நான் பிரெஞ்சில் சுட்டிக்காட்டினேன். அது யாருக்கும் உதவவில்லை.

சில நாட்களில் செவ்ரானிலிருந்து போன் வந்தது. அம்மா நின்றபடியே எடுத்து, பிறகு கட்டிலில் உட்கார்ந்தார்.

"ஓமாம்" என்றார் எங்களைப் பார்த்து. "அந்தப் பிள்ளைக்கு ஓமாம். தகப்பன் வேண்டாம் எண்டவராம். அவள்தான் பிடிவாதமாம்."

அப்பா விசாவுக்காக என்று விளக்கம் சொன்னார். அம்மா எல்லாம் எழுதி வைத்தபடி நடக்கிறது என்றார். எனக்கு எந்தச் சந்தேகமும் இருக்கவில்லை. என் எக்ஸ்போசே அவ்வளவு நன்றாக இருந்திருக்கிறது.

அந்த அக்கா மாமியாகி நெப்ரஸ்காவுக்குப் போய்விட்டார். அதற்கு அடுத்த கோடையில் நாங்களும் போனோம். அப்பா விமானம் மாறி மாறி, கடைசியில் வாடகைக் காரில் வெகுதூரம் ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்ததில், மச்சானோடு ஒரு நாள் முழுக்கச் சரியாகப் பேசவில்லை. மாமி அங்கே முதியோர் இல்லம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். மாமாவின் கடையில் கறுவேப்பிலை ஒரு தொட்டியில் முளைத்திருந்தது. இருவரும் சாப்பாட்டு மேசையில் எதையாவது சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அம்மா அதைப் பார்த்துவிட்டு என்னை மன்னித்தார்.

மாமி லா சப்பலில் மரக்கறி வாங்கப் போனாலே கடைக்குள் பேச்சு அடங்கிவிடும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. மாமிக்கு முன்பு நிச்சயமாகியிருந்த கல்யாணம் ஒன்று மண்டபம் பார்த்த பிறகு நின்றுபோனதும், அதற்கான காரணங்களைத் தெரு முழுக்க ஆளுக்கொன்றாய் வைத்திருந்ததும் நான் வளர்ந்த பிறகே காதில் விழுந்தன.

அந்தக் கோடையில் ஒரு பின்நேரம் மாமி என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு பண்ணை ஒன்றில் முட்டை வாங்கப் போனார். திரும்பும்போது, சோளத்தைத் தவிர எதுவுமில்லாத ஓரிடத்தில் காரை நிறுத்திவிட்டு இறங்கினார். கார் பழுதாகிவிட்டதென்று நினைத்து நானும் இறங்கினேன். மாமி தெருவின் நடுவில் போய் நின்று, செருப்பைக் கழற்றிவிட்டு, கையை விரித்துக்கொண்டு, ஒரு தமிழ்ப் பாட்டை உரத்த குரலில் பாடத் தொடங்கினார். குரல் நன்றாக இருக்கவில்லை. சுருதி எங்கேயோ போனது. அவர் நிறுத்தவில்லை.

எனக்குப் பெரிய வெட்கமாகப் போய்விட்டது. யாராவது பார்க்கிறார்களா என்று நான் நாலு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.