திருப்பினால் திரும்பும் கார்

என் பழைய காரின் ஸ்டியரிங்கில் ஆட்டம் அதிகம். ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் தேய்ந்துபோன பால் ஜாயின்டுகளை வாசலிலேயே மல்லாக்கப் படுத்து நானே மாற்றிவிட்டு, டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். எதிர்வீட்டு மீசைக்காரர், ஏலக்காய்த் தோட்டத்து ஆட்களைப் போடிமெட்டுக்கு ஏற்றிப்போகும் ஜீப்பு டிரைவர், துண்டை உதறிக்கொண்டு வந்தார். அவருடைய ஜீப்பில் ஸ்டியரிங்கை அரைச்சுற்று சுற்றிய பிறகுதான் சக்கரத்துக்குச் சேதி போகும்.

"எறங்கு மாப்ளே, ஓட்டிப் பாத்துச் சொல்றேன்."

பழக்கத்தில் முன்கூட்டியே அரைச்சுற்று சுற்றினார். கார் சட்டென்று திரும்பி என் வீட்டு முருங்கை மரத்தில் முட்டி நின்றது.

நிதானமாக இறங்கினார். "நீ பாத்த சோலி சரியில்ல மாப்ளே. திருப்புன ஒடனே திரும்புது!"

மறுநாள் காலை, ஆட்களை அடைத்துக்கொண்டு அவருடைய ஜீப்பு என்னைக் கடந்தது. அவர் கைகள் இடமும் வலமுமாகச் சுற்றிக்கொண்டே இருந்தன. ஜீப்பு நேராகத்தான் போனது.