கடைசிப் பொத்தான்

எந்தப் போனைக் கொடுத்தாலும் லிஃப்ட்காரர் முதலில் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். திரையைப் பார்ப்பதெல்லாம் பிறகுதான். கண்ணை மூடிக்கொண்டு பத்து எண்ணும் நேரம் அப்படியே நிற்பார். "சும்மா இருக்கும்போதே கொதிக்குது. உள்ளே எவனோ வெட்டியா ஓடிட்டிருக்கான்" என்பார். கொடுத்தவர் தானே ஓடிப் பிடிபட்டவர் போல விழிப்பார்.

தொழில் லிஃப்ட் பழுது பார்ப்பது. பகலெல்லாம் பன்னிரண்டு மாடிக் கட்டடங்களின் உச்சியில், மோட்டார் அறையில், கிரீஸ் கையோடு கிடப்பவர். வீட்டுக்கு வந்து முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உட்கார்ந்தால் பழைய போன்கள். வாங்கி ஐந்து வருடமாகி, ஒரு படம் திறக்க ஒரு யுகம் எடுத்துக்கொள்ளும் போன்கள். செய்த கம்பெனியே கை கழுவிவிட்ட போன்கள். அவற்றின் உள்ளே இருக்கும் மென்பொருளை அடியோடு எடுத்துவிட்டு, எங்கெங்கோ இருக்கும் ஆர்வலர்கள் எழுதி வைத்த, கஸ்டம் ராம் என்கிற மாற்று மென்பொருளை ஏற்றுவார். அதற்கும் அடியில் இருக்கும் கெர்னலையும் மாற்றுவார்.

"கெர்னல்னா மேஸ்திரி மாதிரிங்க. யாருக்கு என்ன வேலை, எவ்வளவு வேகம்னு பிரிச்சுக் குடுக்கிறவன். கம்பெனி மேஸ்திரி ஒரு செங்கல்லைத் தூக்க எட்டு பேரை அனுப்புவான். நான் போடுற மேஸ்திரி ஒருத்தனை அனுப்பிட்டு மத்த ஏழு பேரைத் தூங்கச் சொல்வான். சூடு குறையுமா, குறையாதா?" கேட்பவர் தலையாட்டும் வரை விடமாட்டார்.

அந்தக் கெர்னலை எழுதுகிறவர் கடல் கடந்து எங்கோ இருக்கிறார். முகம் தெரியாது, ஒரு புனைபெயர்தான் தெரியும். ஆனால் அவருடைய நலத்தில் லிஃப்ட்காரருக்கு இருக்கும் அக்கறை சொந்தத் தம்பியிடம்கூட இல்லை. போன மாதம் ஒருநாள் சாப்பாட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தார். என்னவென்று மனைவி கேட்டதற்கு, "அவருக்குக் கல்யாணம் ஆயிடுச்சாம். இனிமே அப்டேட் எங்க வரப்போகுது" என்றார்.

வேலை நடக்கும்போது மேசையை யாரும் தொடக்கூடாது. சிவப்பு நிறத்தில் ஒரு கேபிள் வைத்திருக்கிறார். அதைத் தவிர வேறு எதையும் நம்பமாட்டார். புது மென்பொருள் ஏறி, போன் முதல்முறையாகக் கண் விழிக்கப் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடமும் அதற்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து நிற்பார். "பாத்துட்டே இருந்தா வெக்கப்பட்டு வராது." அவரை ஒரு மாதிரியான ஆள் என்று தெருவில் சொல்பவர்கள் உண்டு. அவர்கள் போனும் இவரிடம்தான் வரும்.

இவரிடம் கண்டிப்பான வழக்கம் ஒன்று இருக்கிறது. போனுக்குக் கம்பெனி போட்ட பூட்டைத் திறந்தால்தான் புது மென்பொருள் ஏறும். திறந்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துபோகும். அதைச் சொல்லி, ஆமாம், இல்லை என்று இரண்டு வரிகள் திரையில் வரும். ஆமாம் என்ற வரிக்கு நகர்த்துவதுவரைதான் லிஃப்ட்காரர். உறுதி செய்யும் கடைசிப் பொத்தானை அவர் அழுத்தமாட்டார். "எல்லாம் காப்பி எடுத்தாச்சா?" என்று மூன்று முறை கேட்டுவிட்டு, போனைச் சொந்தக்காரர் பக்கம் திருப்பிவிடுவார். "நீங்களே அழுத்துங்க." வாத்தியார் ஒருவர், "நீங்கதானே டாக்டர், நீங்களே அழுத்துங்க" என்று சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. கையை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

காரணம் நான்கு வருடத்துக்கு முந்தையது. மனைவி தையல்காரர். முன்னறையில் இரண்டு தையல் இயந்திரங்கள், பெண்களுக்கான உடைகள், நல்ல பெயர். இருநூறு பேருக்கு மேல் அளவுகளைப் போனில்தான் வைத்திருந்தாள். அந்த வருடம் அவள் பிறந்தநாளன்று, அவள் கடைவீதிக்குப் போன நேரத்தில், சொல்லாமல் கொள்ளாமல் போனை வேகமாக்கி ஆச்சரியப்படுத்த நினைத்தார் லிஃப்ட்காரர். மெமரி கார்டைக் கழற்றிப் பத்திரமாக வைத்தார். எல்லாம் அதில்தான் இருக்கும் என்பது அவர் நம்பிக்கை. படங்கள் அதில்தான் இருந்தன. அளவுகள் போனின் வயிற்றில் இருந்தன. பொத்தானை அழுத்தினார்.

அவள் கத்தியிருந்தால் பரவாயில்லை. வழவழவென்று ஓடிய திரையை இரண்டு தரம் தள்ளிப் பார்த்துவிட்டு, "நல்லா வேகமா இருக்குங்க. உள்ளேதான் ஒண்ணும் இல்லை" என்றாள். பிறகு ஒவ்வொருவரையும் கூப்பிட்டு மறுபடி அளவெடுத்தாள். இடையில் இடுப்பு பெருத்தவர்கள் லிஃப்ட்காரரை மன்னிக்க மறுத்தார்கள். அளவெடுத்து முடிய எட்டு மாதம் ஆனது. வேகமான அந்தப் போனை ஒரு பக்கத்து வீட்டம்மாவுக்குக் கொடுத்துவிட்டு வேறொன்று வாங்கினாள். அதற்கு ஒரு ரகசிய எண் போட்டாள். அது இன்றுவரை அவருக்குத் தெரியாது.

இப்போது தெருவிலேயே மெதுவான போன் எது என்றால், அது லிஃப்ட்காரர் வீட்டில் இருப்பதுதான். அழைப்பு வந்தால் எடுப்பதற்குள் நின்றுவிடும். போன வாரம் ஒரு பெண் மார்பைச் சுற்றி டேப்போடு, தூக்கிய கையை இறக்காமல் நின்றுகொண்டிருந்தாள். எண்ணைக் குறிக்கப் போனைத் தட்டித் தட்டிப் பார்த்தாள் மனைவி. அது அசையவில்லை. உள்ளறையில் இருந்தபடி அந்தத் தட்டலைக் கேட்டுக்கொண்டிருந்தார் அவர். ஊரில் ஒருவரும் போன் கொடுக்காவிட்டாலும் அவருக்கு ஒரு குறையும் இல்லை. இந்த ஒரு போன் கைக்கு வர வேண்டும். வாய்விட்டுக் கேட்க மட்டும் நா எழவில்லை.

அன்றிலிருந்து மதியத்தில் அவள் ஒரு நீளமான நோட்டில் ஏதோ எழுதுவதைப் பார்த்தார். என்னவென்று கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் மேசையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது வந்து நோட்டை வைத்தாள். அதன் மேல் போனை வைத்தாள். ரகசிய எண்ணை அவளே போட்டுத் திறந்திருந்தாள்.

"எல்லாம் எழுதிட்டேன்" என்றாள்.

அவர் அதைக் கன்னத்தில் வைக்கக்கூட மறந்துபோனார். "படி, சரிபாப்போம்" என்றார். அவள் நோட்டைப் படிக்க, அவர் போனைப் பார்த்துத் தலையாட்டினார். தோள், மார்பு, இடுப்பு, கை. காபி ஆறிப்போனது. மதியச் சாப்பாடு தள்ளிப்போனது. இருநூற்றுப் பதினோராவது ஆளில் நிறுத்தினார். "இவங்களுக்குக் கை நீளம் விட்டுப்போச்சு." அவள் குனிந்து பார்த்து, எழுதிக்கொண்டாள். ஒரு கணம் அவர் முகத்தையும் பார்த்துவிட்டு அடுத்த பெயருக்குப் போனாள்.

முடிந்ததும் படங்களைக் கணினியில் ஏற்றினார். சிவப்புக் கேபிளைச் செருகினார். திரை கறுத்து, அந்த இரண்டு வரிகள் வந்தன. ஆமாம் என்ற வரிக்கு நகர்த்தினார்.

"எல்லாம் காப்பி எடுத்தாச்சா?"

"ஆச்சு."

"எல்லாம்?"

"ஆச்சுங்க."

மூன்றாவது முறை அவர் கேட்கவில்லை. போனை அவள் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, வழக்கம்போலக் கையை மேசைக்கு அடியில் கொண்டுபோனார்.

அவள் திரையைப் படித்தாள். பிறகு மேசைக்கு அடியில் கைவிட்டு, அவர் கையை மேலே எடுத்து, கட்டைவிரலைப் பிடித்துப் பொத்தானின் மேல் வைத்தாள்.