ரோட்டுக்கடியில் ஆண்டனி போட்ட கோடு

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்குக் கும்பிடு போட்டவர் பாகூர் ஆண்டனி. ஆனாலும் கோலார் தங்கச் சுரங்கத்தில் இருபது வருஷம் சர்வேயருக்குக் கைத்துணையாக இருந்து, டிகிரி பிடிக்கக் கற்றவர். சுரங்கத்தை மூடியபோது பழைய சாமான் ஏலத்தில் ஒரு பித்தளை டயலை எடுத்து வந்தார். முக்காலிமேல் உட்காரும் பெரிய திசைகாட்டி அது. குறி பார்க்க இருபுறமும் பிளவு உண்டு. மாடி வீடு பலருக்கு இருக்கலாம், டயல் தனக்கு மட்டும்தான் என்பார். பொய்யில்லை.

புது ரோடு மேடேறியதில் கிழக்கே பதினைந்து காணி நாற்றுக்குத் தண்ணீர் தரும் வாய்க்கால் அடைபட்டது. ரோட்டை வெட்டாமல் அடியில் குடைந்து குழாய் போடலாம், அதுவும் ஒரே தடவை என்று அனுமதி வந்தது. நாற்று பத்து நாள்தான் தாங்கும். இரு பக்கமும் குழி வெட்டி, அடியில் குடைந்து வந்து நடுவில் சந்திக்க வேண்டும்.

"கோடு நான் தரேன். மூவாயிரம் அடி ஆழத்துல குடுத்தவன்," என்றார் ஆண்டனி.

மேற்குக் குழியோரம் டயலை நிறுத்தி ரோட்டுக்கு எதிர்ப்புறம் கிழக்குக் குழியோரம் நட்ட குச்சியைப் பார்த்தார். எண்பத்தேழு டிகிரி. அதையே குழிக்குள் பிடித்துக் கொடுத்தார். குடையும் வேலைக்கு வந்த பக்கிரி மூன்றடி குடைந்துவிட்டான்.

மறுநாள் கிழக்கே போய்த் திருப்பிப் பார்த்தார். எதிர்த்திசைக்கு நூற்றெண்பது கூடி இருநூற்று அறுபத்தேழு காட்ட வேண்டிய முள் இருநூற்று அறுபத்து நாலில் நின்றது. இந்தக் கணக்கில் இரண்டு குடைவும் சந்திக்காது.

"இன்னா மாமா, கோலார்லயும் இப்டித்தான் தங்கம் தேடினீங்களா? அதான் மூடிட்டானுங்க," என்றான் பக்கிரி. நாலு பேர் சிரித்தார்கள்.

ஆண்டனி மேற்கே நடந்தார். முக்காலி நின்ற இடத்தருகே, நிலக்காரி கலியம்மாள் பூசை போட்டு மஞ்சள் பூசி நட்ட கடப்பாரை. வேலை முடியும்வரை அதை யாரும் அசைப்பதில்லை. முள்ளை இழுத்தது அந்த இரும்புதான்.

"தப்பு என்னுதுதான். ரெண்டு பக்கமும் பாக்காம வாய வுட்டுட்டேன்," என்றார், எல்லோர் காதிலும் விழும்படி.

"பூசை போட்டத புடுங்கறதாண்ணே?" கலியம்மாள் தயங்கினாள்.

"தள்ளி நடும்மா. அங்க இருந்தாலும் சாமிக்குக் கண்ணு தெரியும்."

சற்று யோசித்துவிட்டு அவளே பிடுங்கித் தூர நட்டாள். ஆண்டனி அங்கேயே டயலை மறுபடி நிறுத்திப் பார்த்தார்; முள் எண்பத்து நாலுக்கு வந்தது. பக்கிரி குடைவைத் திருப்பினான்.

ஏழாம் நாள் மண்ணுக்கு அந்தப் பக்கம் வெட்டும் சத்தம் கேட்டது. சாயங்காலம் ஓட்டை விழுந்தது.

"நாலு விரக்கடை வெலகியிருக்கு மாமா."

"அது நீ வெட்டுனதுல வெலகினதுடா."

ஒன்பதாம் நாள் குழாய் வழியே தண்ணீர் போய் நாற்றங்காலை நனைத்தது.