மகள் மேல் பழி விழுந்த பதினோரு நாட்கள்

இதை இந்த வழிபாட்டுக் கூட்டத்தில் சொல்வதற்கு என் மனைவியிடமும் மகளிடமும் கேட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறேன். மனைவி செண்பகம், "சொல்லுங்க, ஆனா பூசி மெழுகாதீய" என்றாள். அதனால் அப்படியே சொல்கிறேன்.

நான் டவுணில் பத்திரம் எழுதுகிறவன். வீட்டு முன்னறையில் இருக்கும் கம்ப்யூட்டரில்தான் என் வேலை. அதிலேதான் என் மகள் உமா சாயங்காலம் செஸ் பழகுவாள். அப்போது எட்டாம் வகுப்பு. ஆன்லைனில் ஒரு சார் சொல்லிக்கொடுத்தார். மாவட்டப் போட்டிக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். செண்பகம் பள்ளிக்கூட டீச்சர். காலையில் இருவரும் கிளம்பிவிட்டால் வீட்டில் நான் மட்டும்தான்.

அந்தத் தனிமையில் நான் பார்த்ததெல்லாம் ஆபாசப் படங்கள். குப்பை. சாக்கடை. இரண்டு வருடம் பார்த்தேன். பார்த்து முடித்ததும் பார்த்த தடத்தை அழித்துவிடுவேன். கைகால் கழுவி, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு பத்திரப்பதிவு அலுவலகத்துக்குப் போவேன். வெள்ளிக்கிழமை வழிபாட்டில் உங்களோடு உட்கார்ந்து பதிகம் பாடியவனும் நான்தான். பிள்ளைகளை இன்டர்நெட்டில் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று இதே கூட்டத்தில் ஒருநாள் பேசியிருக்கிறேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் செண்பகம் வினாத்தாள் தேடக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாள். ஒரு எழுத்தை அடித்ததும், கீழே வரிசையாக நான் பார்த்த தளங்களின் அசிங்கமான பெயர்கள் வந்து நின்றன. அன்றைக்கு நான் அழிக்க மறந்திருந்தேன். அவள் முகம் வெளுத்துப்போய்விட்டது. நேராக உள்ளே போய், படித்துக்கொண்டிருந்த உமாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். இந்த வயதில் இதையா பார்க்கிறாய் என்று கன்னத்தில் அறைந்தாள். செஸ் என்ற பெயரில் இதுதான் நடக்கிறதா என்று மறுபடியும் அறைந்தாள்.

என்ன பெயர்கள், எதற்கு அடி என்றே பிள்ளைக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தாள்.

"நான் எதையும் பாக்கலப்பா. நீங்களாவது சொல்லுங்கப்பா."

நான் சொல்லவில்லை.

செண்பகம் என் பக்கம் திரும்பி, "நீங்களே பாருங்க, என்னென்ன பாத்திருக்கான்னு. எனக்குக் கை கூசுது" என்றாள். எந்தத் தேதி, எந்த நேரம் பார்த்தது என்று அந்தக் கம்ப்யூட்டரிலேயே இருக்கும். அவளுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும். எல்லாம் பகல் பன்னிரண்டு, ஒரு மணி. உமா பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரம். சோதிக்கிற மாதிரி உட்கார்ந்தேன். இருவர் கண் முன்னாலேயே எல்லாவற்றையும் அழித்தேன். பிறகு, "இந்தக் காலத்துப் பிள்ளைகளை நம்ப முடியாது" என்று ஒரு வார்த்தையும் சொன்னேன். அந்த வாய் என்னுடையதுதான்.

மறுநாள் பிள்ளையைக் கண்காணிக்கும் செயலி ஒன்றைப் போட்டதும் நான்தான். பாஸ்வேர்டும் என்னிடமே இருந்தது. திருடனே காவல்காரன். செஸ் வகுப்பு நின்றது. உமா சரியாகச் சாப்பிடவில்லை. அவளை நாங்குநேரியில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்கே அனுப்பி அங்கே படிக்கவைக்கலாம் என்று செண்பகம் பேச ஆரம்பித்தாள்.

அந்த நாட்களிலும் நான் கோயிலுக்குப் போனேன். காந்திமதி அம்மன் முன்னால் நின்று, என்னைக் காட்டிக்கொடுத்துவிடாதே தாயே என்று கும்பிட்டேன். ஒரு மனிதன் இதைவிடக் கேவலமாக எதைக் கேட்க முடியும்? ஆனால் யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. கேட்டது கிடைத்துவிட்டதோ என்று தோன்றியபோதுதான் எனக்குப் பயம் வந்தது. என் உடம்பே எனக்கு நாறியது.

பதினோராம் நாள் வெள்ளிக்கிழமை. சன்னதியில் நின்றேன். வேண்டுதல் மாறிவிட்டது. உண்மை தொண்டையில் நிற்கிறது, என்னால் வாயைத் திறக்க முடியவில்லை, நீயே திற என்று கேட்டேன். அவ்வளவுதான். அழுகைகூட வரவில்லை.

வீட்டுக்கு வந்தேன். உமா ஜன்னலோரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். எப்போதும்போல் திருநீறு பூசிவிடக் கையை நீட்டினேன். பின்னால் நகர்ந்துகொண்டாள்.

"எனக்கு வேண்டாம்ப்பா. நான் அசிங்கம்னு அம்மா சொல்லுதா. சாமி திருநீறு எனக்கு எதுக்கு?"

அப்போது என் வாய் திறந்தது. நான் திறக்கவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். "பாத்தது நான்தான்மா" என்று எனக்கே கேட்காத குரலில் வந்தது. அடுக்களையிலிருந்து செண்பகம் வந்து நின்றாள். மறுபடியும் சொன்னேன். இரண்டு வருடத்தையும் சொன்னேன். அழித்ததையும் சொன்னேன்.

அவள் கத்தவில்லை. உமாவை மடியோடு சேர்த்துப் பிடித்து, "அம்மா அடிச்சிட்டேனே, அம்மா அடிச்சிட்டேனே" என்று அழுதாள். அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்தாள். செத்த எலியைப் பார்க்கும் பார்வை.

"நீங்க இனிமே என் பிள்ளை நெத்தியத் தொடாதீய."

பிறகு எழுந்து கீபோர்டைச் சோப்புத் தண்ணீரில் துணி நனைத்துத் துடைத்தாள். துடைத்துப் பார்த்தும் மனம் ஆறாமல் பிடுங்கிக் குப்பைத் தொட்டியில் போட்டாள். பல மாதங்கள் தட்டில் சோற்றை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள். நியாயம்தான். பாளையங்கோட்டையில் ஒரு மனநல ஆலோசகரிடம் போனேன். இன்னமும் போகிறேன். அதன் பிறகும் ஒருமுறை வழுக்கினேன். அன்றைக்கே செண்பகத்திடம் சொன்னேன். அதற்கப்புறம் இல்லை.

உமா அந்த வருடப் போட்டிக்குப் போகவில்லை. அது என் கணக்கில் நிற்கிறது. அடுத்த வருடம் போனாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காய்களை அடுக்கிக்கொண்டே கேட்டாள், "அன்னைக்கு நான் கேட்டப்ப ஏன்ப்பா சும்மா இருந்தீய?" என்று. உன்னைவிட என் மானம் எனக்குப் பெரிதாகிவிட்டது என்று உள்ளதைச் சொன்னேன். "சரி, உக்காருங்க" என்றாள். விளையாடினோம். நான் தோற்றேன்.

இப்போது கம்ப்யூட்டர் வீட்டுக் கூடத்தில், எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறது. அந்தச் செயலி இன்னும் ஓடுகிறது. அது கண்காணிப்பது என்னை. பாஸ்வேர்டு செண்பகத்திடம். நான் பார்ப்பதெல்லாம் அவள் போனுக்குப் போகிறது. அம்மன் எனக்குக் கொடுத்த அருளில் இதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பிள்ளைகளைக் கண்காணியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பிள்ளை மேல் பழி விழுவதற்கு முன்னால், என்னைப் போன்ற தகப்பன் யாராவது இங்கே உட்கார்ந்திருந்தால், உங்களுக்கு ஒரு வார்த்தை. மறைத்துவிடு என்று அம்மனிடம் கேட்காதீர்கள். என் வாயைத் திற என்று கேளுங்கள். எனக்குத் திறந்தாள்.